எழுவாய் இல்லாத துயரம்: பெண்கள் சொல்லும் சாட்சியை முன்வைத்து

எனக்கு அப்போது பதினோரு வயது. நெல்லைச் சீமைக் கிறிஸ்தவர்கள் ஆலயத்தைக் கோயில் என்றுதான் சொல்வோம். எங்கள் கோயிலை ஒட்டியிருந்த பள்ளிக்கூடக் கட்டிடத்தில், மாதத்தில் ஒரு சனிக்கிழமை மதியம் பெண்கள் ஐக்கியக் கூட்டம் நடக்கும். ஜமுக்காளம் விரித்து முப்பது நாற்பது பெண்கள் உட்கார்ந்திருப்பார்கள். பாட்டு, வேத வாசிப்பு, ஜெபம் முடிந்ததும் சாட்சி நேரம் வரும். அன்று அம்மா எழுந்து நின்றாள். இடது கையில் மாவுக்கட்டு போட்டிருந்தாள்.

"போன மாசம் கெணத்தடியில வழுக்கி விழுந்து கை ஒடிஞ்சி போச்சி. ரொம்ப வேதனப்பட்டேன். ராத்திரியெல்லாம் அழுது ஜெபிச்சேன். ஆண்டவர் என்னக் கைவிடல. எனக்குச் சமாதானம் குடுத்தாரு. அவருக்கே மகிமை."

எல்லோரும் 'அல்லேலூயா' சொன்னார்கள். நானும் சொன்னேன். அம்மா கிணற்றடியில் வழுக்கி விழவில்லை என்பது எனக்குத் தெரியும். அப்பா அவளுடைய கையைப் பிடித்து முறுக்கியபோது அடுப்படி வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தவள் நான்.

இத்தனை ஆண்டுகள் கழித்தும் அந்தச் சாட்சியை என்னால் ஒதுக்கிவைக்க முடியவில்லை. அதில் ஒரு பொய் இருந்தது, ஒரு உண்மையும் இருந்தது. விழுந்தது பொய். கிடைத்த சமாதானம் உண்மை. அன்று இரவு அம்மா பல வாரங்களுக்குப் பிறகு நன்றாகத் தூங்கினாள். ஒரே மூச்சில் சொல்லப்பட்ட இந்தப் பொய்யையும் உண்மையையும் எப்படிச் சேர்த்து வாசிப்பது? விசுவாசம் பெண்களுக்குத் தரும் ஆறுதலைப் பற்றி எழுத வேண்டும் என்றபோது நான் அந்த ஜமுக்காளத்துக்குத்தான் திரும்பிப் போக வேண்டியிருந்தது.

சாட்சி என்பது தமிழ்க் கிறிஸ்தவப் பெண்களின் முக்கியமான பேச்சு வடிவம். நம் இலக்கிய வரலாறுகளில் அதற்கு இடமில்லை. எழுத்துத் தெரியாத பெண்ணும் கூட்டத்துக்கு முன்னால் எழுந்து நின்று 'நான்' என்று தொடங்கித் தன் வாழ்க்கையைச் சொல்ல இடம் தந்த வடிவம் அது. பிரசங்க பீடம் அவளுக்குக் கிடையாது. கத்தோலிக்கத் திருச்சபையில் இன்றும் பெண்கள் குருக்களாக முடியாது. 1947இல் உருவான தென்னிந்தியத் திருச்சபையிலும் பெண்கள் ஆயர்களாகத் திருநிலைப்படுத்தப்படத் தொடங்கியது 1970களில்தான். பீடத்தில் ஏற முடியாத பெண்ணுக்குத் தரையில் கிடைத்த ஐந்து நிமிடம்தான் சாட்சி.

அந்த ஐந்து நிமிடத்துக்கும் ஒரு அச்சு உண்டு. முதலில் துன்பம், அடுத்து ஜெபம், கடைசியில் விடுதலை. இந்த வரிசையை யாரும் உட்கார்ந்து கற்றுக்கொடுப்பதில்லை. கேட்டுக் கேட்டு நாக்கில் படிந்துவிடுகிறது. கவனித்துக் கேட்டால் இன்னொன்றும் தெரியும். முதல் பகுதியில் வரும் வினைச்சொற்களெல்லாம் தன்வினையாகவே இருக்கும். கை ஒடிந்தது. நகை போய்விட்டது. குடும்பம் பிரிந்தது. பிள்ளை கலைந்தது. ஒடித்தவர் யார், நகையை அடகு வைத்தவர் யார், பிரித்தவர் யார், கர்ப்பிணியின் வயிற்றில் உதைத்தவர் யார் என்பது வாக்கியத்துக்குள் வராது. மூன்றாம் பகுதிக்கு வந்ததும் இலக்கணம் மாறிவிடும். கர்த்தர் தாங்கினார். கர்த்தர் எழுப்பினார். கர்த்தர் கண்ணீரைத் துடைத்தார். இங்கே செய்தவர் யாரென்று திட்டவட்டமாகத் தெரியும்.

பள்ளி இலக்கணத்தில் வினையைச் செய்பவரை எழுவாய் என்று படித்திருக்கிறோம். எங்கள் சாட்சிகளில் ஆறுதலுக்கு எழுவாய் உண்டு. துயரத்தைச் செய்தவர் மட்டும் எழுவாயாக வருவதே இல்லை. அந்த இடத்தில் நிற்க வேண்டியவர் பெரும்பாலும் கூட்டம் முடிந்ததும் வாசலில் சைக்கிளோடு காத்திருப்பார். சிலர் சேகரக் கமிட்டியிலும் இருப்பார்கள்.

கல்லூரிக்குப் போய்ப் பெண்ணியம் வாசிக்கத் தொடங்கியபோது இதைக் கண்டுபிடித்துவிட்ட கர்வம் எனக்கு இருந்தது. மதம் பெண்ணுக்குக் கொடுக்கும் மயக்க மருந்து இது என்று அம்மாவிடமே சொன்னேன். அவள் அரிசி புடைத்துக்கொண்டே பதில் சொன்னாள்: "மயக்க மருந்து குடுக்காம யாராச்சும் அறுப்பாங்களா?" அந்தப் பதிலின் நியாயம் எனக்குப் புரிய வெகுகாலம் ஆனது.

அம்மாவுக்கு அந்தக் கூட்டம் என்னவெல்லாம் தந்தது என்று இப்போது பட்டியல் போட முடிகிறது. மாதத்தில் ஒரு மதியம், யாரிடமும் அனுமதி கேட்காமல் வீட்டை விட்டு வெளியே இருக்க முடிந்தது. சத்தம் போட்டு அழுதாலும் ஏனென்று அதட்டாத ஒரு இடம் இருந்தது. ஒவ்வொரு வேளையும் உலை வைக்கும்போது ஒரு பிடி அரிசியை எடுத்துவைத்து, மாதக் கடைசியில் பெண்கள் கொண்டுவந்து கொடுக்கும் பிடியரிசிக் காணிக்கை இருந்தது. அதை விற்ற காசிலிருந்துதான் அம்மாவின் கைக்கு மாவுக்கட்டுப் போட்ட செலவைக் கொடுத்தார்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, கணவர் மதிக்காவிட்டாலும் தன்னை ஒருவர் பெயர் சொல்லி அறிந்திருக்கிறார் என்ற நம்பிக்கை இருந்தது. 'நீ ஒன்றுமில்லாதவள்' என்று தினமும் கேட்கும் ஒரு பெண்ணுக்கு, கடவுளின் பார்வையில் தான் விலையுள்ளவள் என்பது சிறிய விஷயமல்ல. அடுத்த நாள் காலையில் எழுந்து அடுப்பைப் பற்றவைக்கும் பலம் அவளுக்கு அதிலிருந்துதான் வந்தது. இதைக் கேலி செய்யும் உரிமை, அவளுக்கு மாற்று எதையும் தராத எனக்கு இருக்கவில்லை.

மாற்று என்று சட்டத்தைச் சொல்லலாம். ஆனால் 1980களில் ஒரு கிறிஸ்தவப் பெண்ணுக்குச் சட்டம் என்ன வைத்திருந்தது? 1869ஆம் ஆண்டின் இந்திய விவாகரத்துச் சட்டப்படி, மனைவி நடத்தை தவறினாள் என்று நிரூபித்தாலே கணவனுக்கு விவாகரத்து கிடைக்கும். மனைவிக்கு அப்படியல்ல. கணவன் அடித்துக் கொடுமைப்படுத்தினான் என்பது மட்டும் அவளுக்குப் போதாது. அதனுடன் அவன் வேறொரு பெண்ணோடு உறவு வைத்திருந்தான் என்பதையும் நிரூபிக்க வேண்டும். கொடுமையை மட்டும் காட்டினால் பிரிந்து வாழ உத்தரவு வாங்கலாம், திருமண பந்தம் அப்படியே இருக்கும். இந்த ஓரவஞ்சனை 2001ஆம் ஆண்டுத் திருத்தத்தில்தான் நீங்கியது. குடும்ப வன்முறையிலிருந்து பெண்களைப் பாதுகாக்கும் சட்டம் 2005இல் வந்து, 2006 அக்டோபரில்தான் நடைமுறைக்கு வந்தது. அம்மாவின் கை ஒடிந்த காலத்தில், 'ஒடித்தார்' என்று சொன்னால் அவளுக்கு விடுதலை தர ஆலயத்திலும் வழி இல்லை, நீதிமன்றத்திலும் வழி இல்லை. 'ஒடிந்தது' என்று சொல்லி உயிரோடு இருப்பதே அவளுக்குக் கைவந்த வழி.

ஆகவே அம்மாவைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்ற எனக்கு மனமில்லை. என் கேள்வி அந்த அச்சைப் பற்றியது. ஆறுதல் வேண்டுமென்றால் உண்மையின் ஒரு பாதியை விட்டுவிடத்தான் வேண்டும் என்று கிறிஸ்தவ விசுவாசம் உண்மையிலேயே சொல்கிறதா? இதற்குப் பதில் தேடி நான் வேதாகமத்துக்குப் போனேன். அம்மாவுக்குப் பிடித்த கதையிலிருந்தே தொடங்கினேன்.

பன்னிரண்டு ஆண்டுகள் உதிரப்போக்கால் அவதிப்பட்ட பெண்ணின் கதை அது. மாற்கு நற்செய்தியின் ஐந்தாம் அதிகாரத்தில் வருகிறது. புதிய தமிழ் மொழிபெயர்ப்புகள் அவளுடைய நோயை இரத்தப்போக்கு என்கின்றன. சீர்திருத்தச் சபையினர் இன்றும் வாசிக்கும் பழைய மொழிபெயர்ப்பு அதைப் 'பெரும்பாடு' என்கிறது. நிற்காத மாதவிலக்குக்கு நாட்டு வைத்தியத்திலும் அதுதான் பெயர். 'பெரும்பாடு பட்டேன்' என்று நம் பெண்கள் சொல்லும்போது அந்தச் சொல்லுக்குள் நோயும் இருக்கிறது, வாழ்க்கையும் இருக்கிறது. அம்மா இந்தக் கதையை வாசிக்கக் கேட்டபோதெல்லாம் தன் கதையாகவே கேட்டாள் என்றால், அதற்கு மொழிபெயர்ப்பாளர் தேர்ந்த அந்த ஒரு சொல்லுக்கும் பங்கு உண்டு.

கதை நமக்குத் தெரிந்ததுதான். அவள் பல வைத்தியர்களிடம் போகிறாள், அவர்கள் கையில் மிகவும் வருந்துகிறாள், சொத்தையெல்லாம் செலவழிக்கிறாள், நோய் முற்றுகிறது. கூட்டத்துக்குள் பின்னால் வந்து இயேசுவின் உடையைத் தொடுகிறாள். உடனே உதிரம் நின்றுவிடுகிறது. பிரசங்கங்கள் இந்த இடத்தில் மலை ஏறிவிடும். "விசுவாசத்தோடு தொடு, சுகம் பெறு" என்று முடித்துவிடுவார்கள். சிலர் யூதச் சட்டம் கொடூரமானது, இயேசு அதை உடைத்தார் என்று அதோடு சேர்த்துக்கொள்வார்கள். லேவியராகமத்தின் பதினைந்தாம் அதிகாரம் அப்படிப்பட்ட பெண்ணைத் தீட்டுள்ளவள் என்று சொல்வது உண்மைதான். ஆனால் மாற்கு இந்தக் கதையில் தீட்டைப் பற்றி ஒரு வார்த்தையும் எழுதவில்லை. தொட்டவளும் யூதப் பெண், தொடப்பட்டவரும் யூதர். அடுத்தவர் மதத்தின் தீட்டைப் பேசி நாம் நல்லவர்களாக வேண்டியதில்லை. மாதவிலக்கு நாட்களில் நற்கருணை எடுக்காமல் கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்த என் பாட்டியும் கிறிஸ்தவள்தான்.

கதை உடல் குணமானதோடு முடியவில்லை. இயேசு நின்றுவிடுகிறார். தொட்டது யார் என்று கேட்கிறார். இத்தனை நெருக்கடியில் இது என்ன கேள்வி என்று சீடர்களுக்கு வியப்பு. ஜெப ஆலயத் தலைவன் யவீரு பக்கத்தில் நிற்கிறான், அவனுடைய பன்னிரண்டு வயது மகள் சாகும் தறுவாயில் இருக்கிறாள், ஒவ்வொரு நிமிடமும் முக்கியம். அப்படியும் இயேசு சுற்றிலும் பார்த்துக்கொண்டு நிற்கிறார். அந்தப் பெண் பயந்து நடுங்கி முன்னால் வந்து விழுந்து, உண்மை முழுவதையும் சொல்கிறாள். அதன் பிறகுதான் அவர் அவளை மகளே என்று அழைத்துச் சமாதானத்தோடு அனுப்புகிறார். அவள் பேசி முடிக்கும்வரை பதவியில் இருக்கும் ஒரு ஆண் காத்திருக்க வேண்டியிருந்தது. அதற்குள் அவன் மகள் இறந்துவிட்ட செய்தியும் வந்துவிடுகிறது. பிறகு அவளும் எழுப்பப்படுகிறாள். ஆனால் அவளை முன்னிட்டும் இந்தப் பெண்ணின் பேச்சு குறுக்கப்படவில்லை.

இதே கதையை மத்தேயுவும் லூக்காவும் சொல்கிறார்கள். மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து வாசியுங்கள். சாட்சி எப்படி வெட்டப்படுகிறது என்பது கண்ணுக்குத் தெரியும். மத்தேயு மூன்றே வசனங்களில் முடித்துவிடுகிறார். வைத்தியர்கள் இல்லை, பணச் செலவு இல்லை, அவள் ஒருவரிடமும் வாய்திறந்து பேசவும் இல்லை. அவள் மனதுக்குள் நினைத்தது மட்டும் இருக்கிறது. லூக்காவில் அவள் எல்லோர் முன்னாலும் பேசுகிறாள். என்ன பேசுகிறாள்? எதற்காகத் தொட்டாள், எப்படி உடனே குணமானாள் என்பதை. அதாவது எங்கள் சனிக்கிழமைச் சாட்சியை. வைத்தியர்களிடம் பணம் போனதைச் சொல்லும் லூக்கா, அவர்களால் அவள் பட்ட வேதனையையும் நோய் முற்றியதையும் சொல்லவில்லை. லூக்காவே ஒரு வைத்தியர் என்பது மரபு. தொழில் பாசம் என்று புன்னகைத்துவிட்டுப் போகலாம். எனக்கு அதைவிட முக்கியமாகப் படுவது, மூவரிலும் மாற்கு ஒருவர்தான் அவள் சொன்னதை 'முழு உண்மை' என்கிறார் என்பது. பன்னிரண்டு ஆண்டின் முழு உண்மை என்றால் அதில் வைத்தியர்களும் இருந்திருக்க வேண்டும். தன் உடம்பைக் கெடுத்தவர்களையும் கைப்பணத்தைக் கரைத்தவர்களையும் அவள் சொல்லாமல் விட்டிருக்க முடியாது.

இந்த வாசிப்பிலிருந்து எனக்குக் கிடைத்த முடிவு இது. உதிரம் நிற்பது வேறு, குணமாவது வேறு. முதலாவது ஒரு தொடுதலில் நடந்துவிட்டது. இரண்டாவதற்கு, கேட்பதற்காக ஒருவர் நிற்க வேண்டியிருந்தது.

அப்படி நின்ற ஒருவரை நான் பார்த்திருக்கிறேன். 'பைபிள் அம்மா' என்று நாங்கள் கூப்பிட்ட ஒரு பெரியம்மா, வீடு வீடாகப் போய் வேதம் வாசித்து ஜெபிப்பது அவருடைய வேலை. அம்மா சாட்சி சொன்ன அடுத்த வாரம் பின்வாசல் வழியாக வந்தார். வேதப் புத்தகத்தைத் திறக்கவில்லை. அடுப்படிக்குள் போய் அவரே கருப்பட்டிக் காப்பி போட்டு அம்மாவிடம் கொடுத்துவிட்டுக் கேட்டார்: "ஏட்டி, வழுக்கி விழுந்தவளுக்கு முழங்கைக்கு மேல விரல் தடம் எப்படிட்டி வரும்?" அம்மா ஒரு மணி நேரம் பேசினாள். நான் அவளை அப்படிப் பேசிப் பார்த்ததில்லை. பைபிள் அம்மாவால் அப்பாவை மாற்ற முடியவில்லை. ஆனால் அன்றிலிருந்து அம்மாவின் துயரம் அவளுக்கும் கடவுளுக்கும் மட்டும் தெரிந்த இரகசியமாக இல்லை. எங்கள் வீட்டில் சத்தம் கேட்டால் பின்வாசலில் ஒரு குரல் கேட்கும். அப்பாவுக்கு அந்தக் குரலைக் கண்டால் கொஞ்சம் பயம் இருந்தது.

முழு உண்மையையும் சொல்லும் சாட்சி எழுத்தில் எப்படி இருக்கும்? இரண்டு நூல்களை எடுத்துக்கொள்கிறேன். முதலாவது, பண்டித ரமாபாய் 1907இல் ஆங்கிலத்தில் வெளியிட்ட சாட்சி நூல். 1858இல் பிறந்தவர் ரமாபாய். தந்தையிடமும் தாயிடமும் சமஸ்கிருதம் படித்தவர். இளம் வயதில் பஞ்சத்தில் பெற்றோரைப் பறிகொடுத்தார். திருமணமாகி இரண்டாண்டுக்குள் கணவரையும் இழந்து கைக்குழந்தையோடு நின்றார். 1883இல் இங்கிலாந்தில் ஞானஸ்நானம் பெற்றார். இத்தனை இழப்புகளுக்குப் பின் விசுவாசத்தில் ஆறுதல் கண்ட கதை என்று இதைச் சுருக்கிவிடலாம், பல சபைகளில் அப்படித்தான் சொல்கிறார்கள். ஆனால் நூலைத் திறந்தால் துயரத்துக்கு எழுவாய் இருக்கிறது. தான் படித்த சாஸ்திரங்கள் பலவற்றில் முரண்பட்டாலும், பெண்களை இழிவாகப் பேசுவதிலும், பெண்ணுக்கும் சூத்திரருக்கும் மோட்சத்தின் வழியை அடைப்பதிலும் ஒன்றுபட்டு நின்றன என்று அவர் நேராக எழுதுகிறார்.

அவர் மனதைத் திருப்பிய இடமும் கவனிக்கத்தக்கது. லண்டன் ஃபுல்ஹாமில், சமூகம் 'கெட்டுப்போனவர்கள்' என்று ஒதுக்கிய பெண்களுக்காகக் கன்னியர் நடத்திய இல்லத்தைப் போய்ப் பார்க்கிறார். இந்தப் பெண்களை இவர்கள் ஏன் அன்பாக நடத்துகிறார்கள் என்று கேட்கிறார். பதிலாக அவருக்குச் சமாரியப் பெண்ணின் கதை சொல்லப்படுகிறது. ஒதுக்கப்பட்ட பெண்கள் மனுஷிகளாக நடத்தப்படுவதைக் கண்ணால் பார்த்ததுதான் அவருக்கு நற்செய்தி ஆனது. அதே சமயம் கிறிஸ்தவ அதிகாரத்துக்கும் அவர் கண்ணை மூடிக்கொண்டு தலையாட்டவில்லை. தனக்கு ஞானத்தாயாக இருந்த கன்னிகையோடு, மனச்சாட்சியின் சுதந்திரத்துக்காக அவர் கடிதங்களில் வாதாடியது அச்சில் இருக்கிறது. ஒரு நுகத்தைக் கழற்றிவிட்டு இன்னொன்றைப் பூட்டிக்கொள்ள அவர் தயாராக இல்லை.

அவருடைய ஆறுதல் எங்கே போய் முடிந்தது என்பதும் முக்கியம். 1889இல் பம்பாயில் விதவைகளுக்கான சாரதா சதன். பிறகு கேட்காவில் முக்தி. 1890களின் பஞ்சத்தில் தானே போய் அழைத்துவந்த பெண்களும் சிறுமிகளும் அங்கே இருந்தார்கள். ஜெபித்தார்கள், அழுதார்கள். நெசவு கற்றார்கள். அச்சுக் கோக்கவும் கற்றார்கள். ரமாபாய் மராத்தியில் மொழிபெயர்த்த வேதாகமத்தை அச்சிட்டது அந்தப் பெண்களின் உழைப்பு. ஆறுதல் அங்கே கண்ணீரைத் துடைத்ததோடு நிற்கவில்லை, கையில் ஒரு தொழிலையும் கொடுத்தது.

இரண்டாவது நூல் நம் மொழியில் இருக்கிறது. 1992இல் வெளிவந்த பாமாவின் 'கருக்கு'. தலித் தன்வரலாறாகவே இது அதிகம் வாசிக்கப்படுகிறது. அது சரி. ஆனால் சபைக்குள் வளர்ந்த எனக்கு அது ஒரு சாட்சியாகவும் படுகிறது. ஜெபமும் பூசையும் திருவிழாவுமாக வளர்ந்த பெண், ஏழைப் பிள்ளைகளுக்கு உழைக்க வேண்டும் என்று கன்னியர் மடத்தில் சேர்கிறாள். அங்கே சாதியையும் வசதியையும் பார்த்து மனம் பொறுக்காமல் வெளியேறுகிறாள். பனங்கருக்கின் இரு பக்கக் கூர்மையை, இருபுறமும் வெட்டும் வாளுக்கு ஒப்பிடப்படும் இறைவார்த்தையோடு பாமா முன்னுரையில் இணைக்கிறார். வேதத்தை அவர் தூக்கி எறியவில்லை, கையில் எடுத்துக்கொள்கிறார். பணிவும் பொறுமையும் கீழ்ப்படிதலும் போதித்தவர்கள், அநீதியைக் கண்டு கோபப்படும் கடவுளை ஏன் எங்களுக்குக் காட்டவில்லை என்பது அவர் கேள்வி.

'கருக்கு' சாட்சியின் அச்சை உடைக்கும் இடம் அதன் முடிவு. மூன்றாம் பகுதி அதில் வரவில்லை. மடத்தை விட்டு வந்தவளுக்கு உடனே வேலை இல்லை, நிம்மதி இல்லை, அடுத்தது என்ன என்ற தெளிவும் இல்லை. பூவாக முடிக்காமல் அப்படியே விட்டுவிடுகிறார். எங்கள் கூட்டத்தில் ஒரு பெண் அப்படிச் சாட்சி சொல்லி உட்கார்ந்தால் யாரும் 'அல்லேலூயா' சொல்ல முடியாது. மௌனமாக இருக்க வேண்டும், இல்லாவிட்டால் அவளுக்காக ஏதாவது செய்ய வேண்டும். ஆனால் நாடெங்கும் எத்தனை வாசகிகள் அந்த முடியாத கதையிலிருந்து பலம் பெற்றிருக்கிறார்கள்! முடிவு சொன்னால்தான் ஊக்கம் வரும் என்பது நம் பழக்கம் மட்டுமே.

இன்று அம்மாவின் வயதில் இருக்கும் பெண்களுக்குப் புதிய ஆறுதல்கள் வந்துவிட்டன. உபவாசக் கூட்டங்கள், உள்ளான குணமாகும் தியானங்கள், காலையில் கைபேசிக்கு வரும் வாக்குத்தத்தம். அவற்றால் தற்கொலை எண்ணத்திலிருந்து மீண்டவர்களை எனக்குத் தெரியும். நான் அவற்றை எதிர்க்கவில்லை. ஆனால் அடிபட்டு வரும் பெண்ணிடம் முதல் வார்த்தையாக 'மன்னித்துவிடு' என்று சொல்லும் ஆறுதலை எதிர்க்கிறேன். இன்னாரை, இன்ன காரியத்துக்காக என்று சொல்ல முடிந்தால்தான் மன்னிப்பதற்கும் பொருள் உண்டு. 'ஒடிந்தது' என்ற வாக்கியத்தில் மன்னிக்க ஆள் இல்லை. அங்கே நடப்பது மன்னிப்பல்ல, மறைப்பு. ஒரு பெண்ணுக்குக் கிடைக்கும் ஆறுதல் அவளை இன்னும் கொஞ்சம் பேசவைக்கிறதா, வாயை மூடவைக்கிறதா? எந்தச் சபை, எந்தக் கூட்டம், எந்த ஆலோசனையானாலும் நான் வைத்துப் பார்க்கும் உரைகல் இது ஒன்றுதான். நம் பெண்ணியக் கூட்டங்களுக்கும் இதே உரைகல்லை வைக்கலாம். 'ஏன் இன்னும் அவனோடு இருக்கிறாய்' என்று அதட்டுவதும் வாயை மூடவைப்பதுதான்.

அப்பா இறந்து நான்கு ஆண்டுகளுக்குப் பின், அம்மாவின் எழுபத்தோராம் வயதில், எங்கள் வீட்டில் ஒரு ஜெபக்கூட்டம் நடந்தது. பத்துப் பன்னிரண்டு பெண்கள் வந்திருந்தார்கள். சாட்சி நேரத்தில் அம்மா உட்கார்ந்தபடியே, சரியாக நேராகாத இடது மணிக்கட்டைத் தூக்கிக் காட்டினாள்.

"அவுக ஒடிச்ச கை இது. ஆண்டவர் தாங்குன கையும் இதுதான்."

அவ்வளவுதான் சொன்னாள். யாரும் எதுவும் சொல்லவில்லை. கொஞ்ச நேரம் மின்விசிறிச் சத்தம் மட்டும் கேட்டது. பிறகு யாரோ ஒரு பாட்டைத் தொடங்கினார்கள், கூட்டம் முடிந்தது.

இரண்டு நாள் கழித்து, அன்று சுவரோரம் உட்கார்ந்திருந்த ஒரு பெண் பின்வாசலில் வந்து நின்றாள். கல்யாணமாகி இரண்டு வருடம் ஆகியிருந்தவள். எதுவும் சொல்லவில்லை, சும்மா பார்க்க வந்தேன் என்றாள். அம்மா அவளை அடுப்படிக்குள் கூட்டிப்போய் உட்காரவைத்துக் காப்பி போடத் தொடங்கினாள். ஜெபம் பண்ணவா என்று நான் கேட்டேன். "இருட்டி, மொதல்ல அவ பேசட்டும்" என்றாள்.